ட்ரைவர்களை மொடியூலாக வைத்தால் ரெம் மிச்சமாகுமா? திருமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை டவுனிலும் உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் பக்கங்களிலும் பழைய லப்டொப்பில் லினக்ஸ் போட்டுப் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2 ஜிபி ரெம், சிலரிடம் 1 ஜிபி, இன்னும் சிலரிடம் ராஸ்பெரி பை அல்லது யாரோ கழித்துவிட்ட ரவுட்டர். இவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: ட்ரைவர்களை எல்லாம் மொடியூலாக மாற்றினால் மெஷின் இலகுவாகுமா? ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லலாம், எந்த மெஷின், என்ன நிலைமை என்பதைப் பொறுத்தது. அதனால் அதைச் சுற்றி வருகிற கேள்விகளையும் சேர்த்து எழுதுகிறேன். கட்டளைகளை வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

ட்ரைவர், மொடியூல் இரண்டும் ஒன்றா?

இல்லை. வைஃபை கார்டோடு பேசத் தெரிந்த நிரல் துண்டு ட்ரைவர். அதைக் கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கோப்புக்குள்ளேயே சேர்த்துக் கம்பைல் பண்ணலாம் (மூலநிரலை மெஷின் ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றுவது), அப்படிச் செய்தால் மெஷின் பூட் ஆகும்போதே அதுவும் ரெம்முக்குள் வந்து அணைக்கும்வரை அங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் டொட் கேஓ என்று முடியும் தனிக் கோப்பாக டிஸ்க்கில் /லிப்/மொடியூல்ஸ் அடியில் வைக்கலாம், தேவைப்படும்போது கேர்னல் ஏற்றிக்கொள்ளும். இரண்டாவதைத்தான் மொடியூல் என்கிறோம். வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிற வலை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவதில்லை, அன்றைக்கு எந்த மீனுக்குப் போகிறார்களோ அதற்கான வலை வள்ளத்தில், மற்றதெல்லாம் வாடியில். இதுவும் அதே யோசனைதான். ட்ரைவர் மட்டுமல்ல, ஃபைல் சிஸ்டம், நெட்வேர்க் புரொட்டோகோல் போன்றவையும் மொடியூலாக இருக்கலாம்.

இது புது வசதியும் அல்ல. 1995இல் வந்த லினக்ஸ் 1.2 பதிப்பிலேயே மொடியூல் இருந்தது. அந்தக் காலத்து வீட்டுக் கம்பியூட்டரில் 4 எம்பி, 8 எம்பி ரெம்தான், ஒவ்வொரு 100 கேபியும் கண்ணுக்குத் தெரிந்தது.

சரி, மிச்சமாகுமா இல்லையா?

ஏற்றாமல் விட்ட ட்ரைவரில்தான் மிச்சம். ஏற்றிவிட்ட ட்ரைவரில் ஒரு பைட்டும் மிச்சமில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றக் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

உங்கள் வைஃபை எப்படியும் ஓட வேண்டும், அந்த ட்ரைவர் எப்படியும் ரெம்மில் இருக்கும், அதை மொடியூலாக ஏற்றினால் என்ன உள்ளே வைத்தால் என்ன. ஆனால் உலகத்தில் உள்ள எல்லா வைஃபை கார்டுக்கும், எல்லாப் பழைய சவுண்ட் கார்டுக்கும், நீங்கள் கண்ணாலும் பார்த்திராத டிவி ட்யூனருக்கும் சேர்த்து ஒரே கேர்னலில் ட்ரைவர் அடைத்தால் அது பெரிய சுமை. உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாம் இதனால்தான் ஆயிரக்கணக்கான ட்ரைவர்களை மொடியூலாகத் தருகின்றன. அதாவது உங்கள் மெஷினில் இப்போது ஓடுவது உபுண்டு போன்ற டிஸ்ட்ரோவோடு (லினக்ஸ் பொதி) வந்த சாதாரண கேர்னல் என்றால், மொடியூலால் வர வேண்டிய மிச்சத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே வந்துவிட்டது. இனி நீங்கள் சுரண்டப் போவது மிச்சம் மீதியை.

கேர்னலின் ரெம்முக்கு இன்னொரு விசேஷம் இருக்கிறது. ஃபயர்ஃபொக்ஸ் பிடித்துவைத்துப் பாவிக்காத ரெம் பகுதிகளை ஸ்வொப்புக்கு (ரெம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) தள்ளலாம், கேர்னல் நிரலையும் மொடியூலையும் தள்ள முடியாது. அங்கே போன 1 எம்பி போனதுதான். சின்ன மெஷினில் இதைப் பற்றி யோசிப்பது நியாயம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இது.

என் மெஷினில் மொடியூல்கள் எவ்வளவு எடுக்கின்றன என்று எப்படிப் பார்ப்பது?

எல்எஸ்மொட் என்று அடியுங்கள். முதல் நெடுவரிசையில் பெயர், இரண்டாவதில் அளவு பைட்டில், மூன்றாவதில் அதை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், யார் யார் என்ற விபரம். இதே கணக்கு /ப்ரொக்/மொடியூல்ஸ் கோப்பிலும் இருக்கிறது, அதன் இரண்டாவது நெடுவரிசையைக் கூட்டி 1048576 ஆல் வகுத்தால் எம்பி கணக்கு வந்துவிடும்.

உதாரணத்துக்கு மொத்தம் 20 எம்பி வந்தது என்று வையுங்கள். 2 ஜிபி மெஷினில் அது ஏறத்தாழ 1 வீதம். அதில் பாதியைக் குறைத்தாலும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது, பிரவுசரில் ஒரு டாப்பை மூடினால் அதைவிடக் கூட வரும். அதே 20 எம்பி, 64 எம்பி ரெம் உள்ள ரவுட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஒரே எண், இரண்டு மெஷினில் இரண்டு அர்த்தம். அளந்து பார்க்காமல் கேர்னல் கம்பைல் பண்ணத் தொடங்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான்.

எல்எஸ்மொட் காட்டுவது மொடியூலின் நிரலும் அதன் நிலையான தரவும் மட்டும். ட்ரைவர் ஓடத் தொடங்கிய பிறகு வாங்கிக்கொள்ளும் பஃபர்கள் அதில் வராது. நெட்வேர்க் கார்டும் கிராஃபிக்ஸும் இதில் தாராளமாக எடுக்கும், சில வேளை மொடியூலின் அளவைவிடவே கூட.

பட்டியலில் எது பெரியது?

பெரும்பாலும் கிராஃபிக்ஸ். புதிய ஏஎம்டி கிராஃபிக்ஸ் ட்ரைவர் ஒன்றே 10 எம்பியைத் தாண்டும், இன்டெல் ஐ915 சில எம்பி. அடுத்தது வைஃபை, ஏனென்றால் அது தனியாக வருவதில்லை, மேக்80211, சிஎஃப்ஜி80211 என்று கூட்டத்தோடு வரும். மற்றவை எல்லாம் சில்லறை.

மொடியூலாக ஏற்றினால் உள்ளே வைத்ததைவிடக் கூட எடுக்குமா?

கொஞ்சம் கூட எடுக்கும். ரெம் பக்கம் பக்கமாகத்தான் கொடுக்கப்படும், சாதாரண லப்டொப்பில் ஒரு பக்கம் 4096 பைட். மொடியூலின் நிரல், வாசிக்க மட்டுமான தரவு, மாற்றக்கூடிய தரவு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பக்கக் கணக்குக்கு உயர்த்தப்படும், அதனால் 2 கேபி நிரல் உள்ள குட்டி மொடியூலும் எல்எஸ்மொட்டில் 12288 அல்லது 16384 என்று நிற்கும். அதோடு சிம்பல் அட்டவணை, /சிஸ்/மொடியூல் அடியில் வரும் பதிவுகள் என்று கொசுறுகள். கேர்னலுக்குள் இருந்தால் இந்த வீணடிப்பு கிட்டத்தட்ட இல்லை. இன்னொன்று, ட்ரைவர் உள்ளே இருந்தாலும் அதன் தொடக்க வேலைக்கான நிரல் பூட் முடிந்ததும் விடுவிக்கப்படும், டீமெசேஜில் (கேர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) பாவிக்காத கேர்னல் மெமரியை விடுவித்ததாக ஒரு வரி வருமே, அது இதுதான்.

ஆகவே எப்போதும் ஏறியே இருக்கும் ட்ரைவரை உள்ளேயும், எப்போதாவது வருவதை மொடியூலாகவும் வைப்பதே கணக்குப்படி சரி. எல்லாவற்றையும் மொடியூலாக்குவது அல்ல.

கேர்னல் கம்பைல் பண்ணாமலே ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். லப்டொப்பில் இருக்கிற ஆனால் நீங்கள் தொடாத சாதனங்களைப் பாருங்கள்: புளூடூத், ஃபயர்வயர், பழைய பரலல் போர்ட், சிலருக்கு வெப்கேம். சாதனம் பலகையில் இருப்பதால் யூடெவ் (சாதனங்களைக் கவனிக்கும் நிரல்) அதற்கான மொடியூலைத் தேடி ஏற்றிவிடும், நீங்கள் பாவிக்கிறீர்களா இல்லையா என்று அது கேட்பதில்லை. /ஈடிசி/மொட்புரோப் டொட் டி அடியில் ஒரு கோப்பு உருவாக்கி, பிளாக்லிஸ்ட் என்று எழுதிப் பக்கத்தில் மொடியூலின் பெயரைப் போட்டால் தானாக ஏறாது. வேறொரு மொடியூல் அதைக் கேட்டால் அப்போதும் ஏறும், அதையும் நிறுத்த வேண்டுமென்றால் அதே கோப்பில் இன்ஸ்டோல், மொடியூல் பெயர், /பின்/ஃபால்ஸ் என்று ஒரு வரி. டெபியனிலும் உபுண்டுவிலும் பிறகு அப்டேட்-இனிட்ரெம்எஃப்எஸ் கட்டளையை மைனஸ் யூ போட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பழைய இனிட்ரெம்எஃப்எஸ் (பூட்டின்போது கேர்னலோடு ஏறும் சின்னப் பொதி) அதே மொடியூலைப் பூட்டிலேயே ஏற்றிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்க மொட்புரோப் மைனஸ் ஆர். யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் இறங்காது, எல்எஸ்மொட்டின் மூன்றாவது நெடுவரிசையில் காரணம் தெரியும். பாவிக்காத மொடியூலைக் கேர்னல் தானாக இறக்கிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி நடக்காது.

2 ஜிபி மெஷின் என்றால் இதையெல்லாம் தொட முன்னர் இஸட்ரெம் போட்டுப் பாருங்கள். ரெம்முக்குள்ளேயே சுருக்கிவைக்கும் ஸ்வொப் அது. மொடியூல் குறைப்பதில் கிடைப்பதைவிட அதில் பல மடங்கு கிடைக்கும், அதுவும் ஒரு மொடியூல்தான்.

கம்பைல் பண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

மேக் லோக்கல்மொட்கொன்ஃபிக் என்ற கட்டளையில். 2009இல் வந்த 2.6.32 பதிப்பிலிருந்து இருக்கிறது. இப்போது ஏறியிருக்கும் மொடியூல்களைப் பார்த்து, பட்டியலில் இல்லாத மற்ற மொடியூல்களை எல்லாம் கொன்ஃபிக்கில் (கேர்னலில் எது இருக்க வேண்டும் என்ற தெரிவுக் கோப்பு) அணைத்துவிடும். ஆயிரக்கணக்கில் இருந்தது நூறு, இருநூறுக்கு வந்துவிடும், மணிக்கணக்கான கம்பைலும் வெகுவாகக் குறையும்.

இங்கேதான் கவனம் தேவை. அந்த நேரத்தில் ஏறியிராத மொடியூல் அதற்குத் தெரியாது. ஆகவே ஓட்டுவதற்கு முன் நீங்கள் எப்போதாவது பாவிக்கும் எல்லாவற்றையும் ஒருமுறை செருகுங்கள்: பென் ட்ரைவ், பிரிண்டர், போனை யூஎஸ்பியில் போட்டு இன்டர்நெட் எடுக்கிறீர்கள் என்றால் அதையும், டொங்கிளையும், என்டிஎஃப்எஸ் ஹார்ட் டிஸ்க்கை மவுண்ட் பண்ணியும் விடுங்கள். வள்ளத்தில் கொண்டுபோகும் யூஎஸ்பி ஜிபிஎஸ்ஸை லப்டொப்பில் போட்டு வரைபடம் பார்க்கிறவர்கள் அதையும் மறக்க வேண்டாம். அது உள்ளே இருக்கும் சிப்பைப் பொறுத்து பிஎல்2303, சிஎச்341, சிபி210எக்ஸ் அல்லது சிடிசி-ஏசிஎம் மொடியூலைக் கேட்கும், கரையில் வேலை செய்து கடலுக்குப் போனபிறகு ட்ரைவர் இல்லை என்று தெரிந்தால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் விஎஃப்ஏடி, பென் ட்ரைவ்களில் வரும் ஃபைல் சிஸ்டம். பென் ட்ரைவையோ ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையோ மவுண்ட் பண்ண விஎஃப்ஏடி மட்டும் போதாது, என்எல்எஸ் (எழுத்துக் குறிமுறைகள்) வகையில் கோட்பேஜ் 437உம் ஐஎஸ்ஓ 8859-1உம் வேண்டும். அவை விடுபட்டால் பிழைச் செய்தி வேறு எங்கோ கை காட்டும்.

முடிவில் மேக் மெனுகொன்ஃபிக்கில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நட்சத்திரம் என்றால் உள்ளே, எம் என்றால் மொடியூல், வெறுமை என்றால் இல்லை. சிலவற்றுக்கு எம் தெரிவே வராது, அவை உள்ளே அல்லது இல்லை என்ற இரண்டே நிலை உள்ளவை.

எதைக் கட்டாயம் உள்ளே வைக்க வேண்டும்?

ரூட் பார்ட்டிஷனை (லினக்ஸ் நிறுவியிருக்கும் டிஸ்க் பகுதி) எட்டும் வழியில் உள்ள எல்லாம். டிஸ்க் கொன்ட்ரோலர், டிஸ்க், ரூட்டின் ஃபைல் சிஸ்டம். மொடியூல்கள் இருப்பதே அந்த டிஸ்க்கில், டிஸ்க்கைத் திறக்கிற ட்ரைவரே டிஸ்க்குக்குள் மொடியூலாக இருந்தால் கேர்னலுக்கு அதை எடுக்க வழியில்லை, ரூட்டை மவுண்ட் பண்ண முடியவில்லை என்று பானிக் ஆகி நிற்கும். டிஸ்ட்ரோக்கள் இதற்காகத்தான் இனிட்ரெம்எஃப்எஸ் வைத்திருக்கின்றன, தேவையான மொடியூல்களைச் சின்னப் பொதியாகக் கேர்னலோடு சேர்த்தே ஏற்றிவிடும். அது இருந்தால் எக்ஸ்ட்4கூட மொடியூலாக இருக்கலாம். இனிட்ரெம்எஃப்எஸ் இல்லாமல் பூட் பண்ண விரும்பினால் ஏஎச்சிஐ, எஸ்டி, எக்ஸ்ட்4 மூன்றையும் உள்ளே வையுங்கள், என்விஎம்ஈ டிஸ்க் என்றால் அதற்குரியது. ரூட்டை யூயூஐடியால் (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) குறிப்பிட்டிருந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதும் இனிட்ரெம்எஃப்எஸ்ஸின் வேலைதான், அது இல்லாவிட்டால் பார்ட்யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) கொடுக்க வேண்டும்.

வைஃபை ட்ரைவரை உள்ளே வைத்துக் கம்பைல் பண்ணினேன், வைஃபையே வரவில்லை. ஏன்?

ஃபேர்ம்வெயர், அதாவது கார்டுக்குள் ஏற்ற வேண்டிய நிரல் கோப்பு. அந்த ட்ரைவர் ரூட் மவுண்ட் ஆவதற்கு முன்னரே விழித்து /லிப்/ஃபேர்ம்வெயர் அடியில் கோப்பைத் தேடுகிறது, அப்போது அந்த ஃபோல்டரே இல்லை. மொடியூலாக்கிவிடுங்கள், சரியாகிவிடும். ஃபேர்ம்வெயரைக் கேர்னலுக்குள் சேர்க்கவும் வழி உண்டு, ஆனால் வீட்டு லப்டொப்புக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

டேட்டாவும் கரண்டும் பிரச்சினை. இந்த வெக்கையில் பழைய லப்டொப்பில் கம்பைல் பண்ணலாமா?

கேர்னலின் மூலக்கோப்புப் பொதி ஏறத்தாழ 140 எம்பி, இரவு டேட்டாவில் இறக்கிவிடலாம். கிட் வரலாறு முழுவதையும் குளோன் பண்ணாதீர்கள், அது ஜிபிக் கணக்கு. கரண்ட் போனால் பயமில்லை, திரும்ப மேக் அடித்தால் முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு நின்ற இடத்திலிருந்து தொடரும். கரண்ட் போன கணத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டும் அரைகுறையாகக் கிடக்கலாம், பிழை வந்தால் அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டுத் தொடருங்கள்.

வெக்கைதான் உண்மையான தொல்லை. மே, ஜூன் மாத மத்தியானத்தில் பழைய லப்டொப் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அல்லது அணைந்துவிடும். இரவில் போடுங்கள், மேக் கட்டளையில் மைனஸ் ஜே எண்ணை (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) குறையுங்கள். 1 ஜிபி, 2 ஜிபி மெஷினில் நாலு வேலையை ஒரே நேரத்தில் ஓட்டினால் ரெம் நிரம்பி ஸ்வொப்பில் மூச்சு வாங்கும். டீபக் தகவலைக் கொன்ஃபிக்கில் அணைத்தால் டிஸ்க்கில் ஜிபிக் கணக்கில் மிச்சமாகும்.

இன்னும் நல்ல வழி, வேறொருவரின் நல்ல மெஷினில் கம்பைல் பண்ணுவது. உங்கள் லப்டொப்பில் எல்எஸ்மொட் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து எடுத்துப்போங்கள், உங்கள் கேர்னலின் கொன்ஃபிக் கோப்பையும் சேர்த்து. அங்கே மேக் கட்டளையில் எல்எஸ்மொட் என்ற மாறிக்கு (இதை மட்டும் பெரிய எழுத்தில்) அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்து லோக்கல்மொட்கொன்ஃபிக் ஓட்டினால் உங்கள் மெஷினுக்கான கொன்ஃபிக் தயார். பிறகு மேக் பின்டெப்-பிகேஜி, டெப் பொதியைப் பென் ட்ரைவில் கொண்டுவந்து நிறுவுங்கள். உபுண்டுவின் கொன்ஃபிக்கைப் பாவித்தால் சான்றிதழ்க் கோப்பு ஒன்று இல்லை என்று நின்றுவிடும், சிஸ்டம் ட்ரஸ்டட் கீஸ், சிஸ்டம் ரெவோகேஷன் கீஸ் இரண்டு வரிகளையும் வெறுமையாக்கினால் தாண்டும்.

ராஸ்பெரி பை, ரவுட்டர் இவற்றில்?

ரவுட்டரில்தான் மொடியூல் தன் முழு மதிப்பைக் காட்டும். ஓபன்டபிள்யூஆர்டியில் (ரவுட்டருக்கான லினக்ஸ்) ட்ரைவர்கள் கேமொட் என்று தொடங்கும் தனிப் பொதிகளாக வரும். யூஎஸ்பி ஸ்டோரேஜ் தேவையில்லை என்றால் கேமொட்-யூஎஸ்பி-ஸ்டோரேஜ் நிறுவாதீர்கள், அவ்வளவுதான், ஃபிளாஷும் மிச்சம் ரெம்மும் மிச்சம். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரெம் உள்ள பழைய ரவுட்டர்களை அந்தத் திட்டமே கைவிட்டுவிட்டது, அதில் புதிய பதிப்பைத் திணிக்கப் பார்த்து நேரத்தை விடாதீர்கள்.

512 எம்பி உள்ள பை ஸீரோவில் திரை இல்லாமல் ஓட்டுகிறீர்கள் என்றால் முதலில் ஜிபியூ-மெம் (கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கிய ரெம்) அளவைப் பாருங்கள், இயல்பாக 64 எம்பி ஒதுக்கியிருக்கும், கொன்ஃபிக் டொட் டெக்ஸ்டில் 16 ஆக்கினால் 48 எம்பி கையில். சவுண்ட் வேண்டாமென்றால் அதே கோப்பில் ஓடியோவை ஓஃப் பண்ணுங்கள், மொடியூல் ஏறாது.

யூஎஸ்பி வைஃபை அடிக்கடி கழன்று கழன்று வருகிறது. மொடியூலை உள்ளே வைத்தால் நிற்குமா?

டீமெசேஜைப் பாருங்கள். யூஎஸ்பி டிஸ்கனெக்ட் என்று வந்து மறுகணம் புதிய சாதனம் என்று வருகிறதா? அப்படியானால் பெரும்பாலும் ட்ரைவரில் குற்றமில்லை. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றில் போர்ட்டின் பின்கள் கறள் பிடித்துவிடும், மெஷினை அணைத்து ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்துவிட்டு வேறு போர்ட்டிலும் போட்டுப் பாருங்கள். கேர்னல் மாற்றுவது அதற்குப் பிறகு.

இன்வலிட் மொடியூல் ஃபோர்மட் என்று வருகிறது.

வேறு கேர்னலுக்குக் கம்பைல் பண்ணிய மொடியூல். மொட்இன்ஃபோவில் வேர்மாஜிக் வரியையும் (எந்தக் கேர்னலுக்கானது என்ற குறிப்பு) யூநேம் மைனஸ் ஆர் சொல்லும் ஓடும் கேர்னலின் பதிப்பையும் ஒப்பிடுங்கள், இரண்டும் பொருந்த வேண்டும். சாவி இல்லை அல்லது சாவி நிராகரிக்கப்பட்டது என்று வந்தால் அது வேறு, செக்யூர் பூட் (கையொப்பமிட்டதை மட்டும் ஓட விடும் பாதுகாப்பு) இயங்குகிறது, மொடியூலில் கையொப்பம் இல்லை. உங்கள் சொந்தச் சாவியை மொக்யூட்டிலால் பதிந்து கையொப்பமிடலாம், அல்லது பயோஸில் செக்யூர் பூட்டை அணைக்கலாம்.

மொடியூல்களை எக்ஸ்இஸட்டில் (கோப்பு சுருக்கும் முறை) சுருக்கி வைத்தால் ரெம் குறையுமா?

குறையாது. டிஸ்க் மட்டும் குறையும். ரெம்முக்குள் வரும்போது விரிந்துதான் வரும். இன்ஸ்டோல் பண்ணும்போது டீபக் தகவலை உரித்துவிடுவதும் அப்படித்தான், டிஸ்க்குக்கும் இனிட்ரெம்எஃப்எஸ்ஸுக்கும் நல்லது, ரெம்முக்கு ஒன்றுமில்லை.

நான் கேம்பஸ் மாணவி, சொந்தமாக ஒரு ட்ரைவர் எழுதுகிறேன். மொடியூலாக எழுதுவதா, உள்ளே வைப்பதா அண்ணா?

மொடியூலாகவே எழுதுங்கள் தங்கச்சி. பிழை வந்தால் இறக்கித் திருத்தித் திரும்ப ஏற்றலாம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ரீபூட் வேண்டாம். கேர்னல் முழுவதையும் கம்பைல் பண்ணத் தேவையில்லை, ஓடும் கேர்னலின் ஹெடர்ஸ் பொதி போதும். நிரலை ஒழுங்காக எழுதினால் அதே கோப்பு இரண்டு விதமாகவும் கம்பைல் ஆகும், கேகொன்ஃபிக்கில் (கேர்னலின் தெரிவுப் பட்டியல்) ட்ரைஸ்டேட், அதாவது உள்ளே, மொடியூல், இல்லை என்ற மூன்று நிலை, என்று குறித்துவிட்டால் பாவிக்கிறவர் தெரிவு செய்துகொள்வார்.

இரண்டு விஷயம் மட்டும் விடாதீர்கள். மொடியூல் டிவைஸ் டேபிள் வரியை எழுதுங்கள், அது இல்லாவிட்டால் சாதனத்தைச் செருகும்போது யூடெவ்வுக்கு உங்கள் மொடியூல் இருப்பதே தெரியாது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டி வரும். அடுத்தது, வெளியேறும்போது ஓடும் ஃபங்ஷனில் வாங்கிய மெமரி, இன்டரப்ட், டைமர் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள். ரெம் மிச்சம் பிடிக்க என்று மொடியூலாக எழுதி, இறக்கும்போதெல்லாம் கொஞ்சம் ரெம்மைத் தொலைத்துவிட்டு வரும் ட்ரைவரால் பயனில்லை. பயிற்சியை விர்ச்சுவல் மெஷினுக்குள் செய்யுங்கள், கேர்னலுக்குள் ஒரு தவறான பொயின்டர் முழு மெஷினையும் சாய்த்துவிடும், திறந்திருந்த அசைன்மென்டும் அதோடு போகும்.

ஒருவர் வட்ஸ்அப்பில் டொட் கேஓ கோப்பு அனுப்பினார். ஏற்றலாமா?

வேண்டாம். மொடியூல் கேர்னலின் முழு அதிகாரத்தோடு ஓடும், அதைத் தடுக்க உள்ளே யாருமில்லை. மூலநிரலைக் கேளுங்கள், நீங்களே கம்பைல் பண்ணுங்கள்.

புதுக் கேர்னல் பூட் ஆகாவிட்டால்?

பழைய கேர்னலை அழிக்காமல் வைத்திருங்கள். க்ரப் (எந்தக் கேர்னலைப் பூட் பண்ணுவது என்று தெரிவு செய்யும் நிரல்) மெனு வராவிட்டால் பூட் ஆகும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப்பை அழுத்தி, அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் உள்ளே போய்ப் பழையதைத் தெரிவு செய்யுங்கள். உள்ளே வந்ததும் இரண்டு கொன்ஃபிக் கோப்புகளையும் டிஃப் போட்டுப் பாருங்கள், /பூட் அடியில் இரண்டும் இருக்கும். முதலில் ரூட் வழியில் உள்ளவற்றைத் தேடுங்கள், அங்கே எம் அல்லது வெறுமை ஆகியிருக்கும் வரிதான் பெரும்பாலும் காரணம். புதுக் கேர்னலில் ஒரு வாரம் பிரிண்டர், பென் ட்ரைவ், டொங்கிள் எல்லாம் சரியாக ஓடிய பிறகு பழையதை அழிக்கலாம்.